மாணவர் விசாவில் கணவரையும் மகளையும் உடன் அழைத்துச் செல்ல முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்

ராயக்கோட்டை ரோஜா
திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 32. ஓசூரில் ஒரு நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. கணவர் ராயக்கோட்டைப் பக்கம் பசுமைக்குடில் போட்டு ரோஜா பயிரிடுகிறார். மகளுக்கு ஐந்து வயது நடக்கிறது. பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறது. கிருஷ்ணகிரியில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையத்தின் வழியாக விண்ணப்பித்தேன். முன்பணத்தை இந்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டிவிடச் சொல்கிறார்கள்.

கணவரையும் மகளையும் பற்றிக் கேட்டேன். "முதலில் நீங்கள் போய்ச் சேருங்கள் மேடம், மூன்று மாதத்தில் அவர்களை அழைத்துக்கொள்ளலாம்" என்கிறார் அங்கே இருக்கும் தம்பி. அதை எழுதிக் கொடுங்கள் என்றால் சிரித்து மழுப்புகிறார். மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். என் அம்மா அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். கணவர், காதலர் தினத்துக்குப் பூ அனுப்பி முடியட்டும், பிறகு பேசலாம் என்கிறார். பூ போய்ச் சேர்வதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டினத்தான்
திங்கள், இரவு 10.15

சகோதரி, முதலில் ஒன்று: பணத்தைக் கட்டாதீர்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

நான் இங்கிலாந்தின் வடபகுதியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மனைவியும் மகனும் என்னோடுதான் இருக்கிறார்கள். ஆகவே ஊகித்து எழுதவில்லை. 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளில், வகுப்பறையில் பாடம் நடத்தும் முதுநிலைப் படிப்புக்குச் செல்பவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ சார்ந்தோராக அழைத்துச் செல்ல முடியாது. முனைவர் பட்டம், ஆராய்ச்சியை அடிப்படையாகக் கொண்ட உயர்பட்டம், அரசின் உதவித்தொகையில் ஆறு மாதத்துக்கு மேல் படிப்பவர்கள் ஆகியோருக்கு மட்டும் அனுமதி உண்டு. அதற்கு முன் ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட எந்த முதுநிலைப் படிப்புக்கும் குடும்பத்தோடு போக முடிந்தது. அந்தத் தம்பி பழைய பாடத்தை ஒப்பிக்கிறார், அல்லது தெரிந்தே சொல்கிறார். மூன்று மாதம் கழித்து அழைத்துக்கொள்ள எந்த வழியும் இல்லை.

ஊத்தங்கரை
திங்கள், இரவு 10.52

மேலே சொன்னது முழுக்க உண்மை. அதன் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். என் மனைவி 2024 செப்டம்பரில் இதே போன்ற ஓராண்டுப் படிப்புக்குப் போனார். நானும் மகளும் ஊத்தங்கரையிலேயே இருந்தோம். ஓராண்டுதானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆனால் அது ஓராண்டில் முடியாது என்பதை யாரும் சொல்லவில்லை. படிப்பு முடிந்ததும் வேலை தேடுவதற்கான பட்டதாரி விசாவுக்கு மாறினார். வாங்கிய கடனை அங்கே சம்பாதித்துத்தானே அடைக்க வேண்டும்? அந்த விசாவிலும் எங்களைச் சேர்க்க முடியவில்லை. மாணவர் விசாவிலேயே சார்ந்தோராக அங்கே இருந்தவர்கள் மட்டும்தான் பட்டதாரி விசாவிலும் சார்ந்தோராகத் தொடரலாம். முதல் கதவு மூடியிருந்தால் இரண்டாவது கதவும் தானாக மூடிக்கொள்கிறது. இனி ஒரு நிறுவனம் அவருக்குத் திறன் பணியாளர் விசா கொடுத்தால்தான் நாங்கள் போக முடியும்.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு. கைப்பேசியைச் சொம்பில் சாய்த்து வைப்பேன். அங்கே பிற்பகல் இரண்டரை, கோடைக்காலமானால் மூன்றரை. வகுப்பு இடைவேளையில் அவர் ரொட்டித் துண்டைச் சாப்பிடுவார், இங்கே மகள் தோசையைப் பிய்த்துத் திரைக்கு நேரே நீட்டுவாள். ஒருநாள் தோசை திரையில் ஒட்டிக்கொண்டது, மூவரும் சிரித்தோம். அன்று அவர் வகுப்புக்குத் தாமதமாகத்தான் போனார்.

கோடை விடுமுறையில் பார்வையாளர் விசாவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அப்போது ஆளுக்கு 127 பவுண்டு கட்டணம். ஆறு மாதம் வரை தங்கலாம், வேலை செய்யக் கூடாது, அடிக்கடி போய் அங்கேயே குடியிருப்பதைப் போல நடந்துகொள்ளவும் கூடாது. தற்காலிக ஆறுதல் அவ்வளவுதான்.

தேன்கனிக்கோட்டை
செவ்வாய், காலை 7.20

எல்லோரும் பயமுறுத்துகிறீர்களே. ஆராய்ச்சி முதுநிலை என்று ஒரு படிப்பு இருக்கிறது. அதில் சேர்ந்தால் குடும்பத்தை அழைத்துப் போகலாம். என் நண்பர் ஒருவர் அப்படித்தான் போயிருக்கிறார். ஆலோசனை நிலையத்தில் படிப்பை மாற்றித் தரச் சொல்லுங்கள், வேலை முடிந்தது.

காவேரிப்பட்டினத்தான்
செவ்வாய், மதியம் 1.05

தேன்கனிக்கோட்டை நண்பரே, இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெயரில் ஆராய்ச்சி என்று இருந்தால் போதாது. படிப்பில் சொந்தமாக ஆய்ந்து எழுதும் பகுதி, பாடம் நடத்தும் பகுதியைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி எண்ணில் அது ஆராய்ச்சிப் படிப்பு என்றே பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் நண்பருக்கு அமைந்தது எல்லோருக்கும் அமையாது.

இன்னொன்று. தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் ஒருவர் வேலை தேடும் நோக்கோடு ஒரு படிப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். குழந்தையை அழைத்துப் போக வேண்டும் என்பதற்காகத் தனக்கு ஆர்வமே இல்லாத ஆய்வில் ஓராண்டு உட்காரச் சொல்வது நியாயமா? வழிகாட்டிப் பேராசிரியர் கிடைக்க வேண்டும், ஆய்வு முன்மொழிவு எழுத வேண்டும். முன்பணத்தை வாங்கிக்கொண்டு படிப்பை மாற்றித் தருவது ஆலோசனை நிலையத்தின் கையில் இல்லை.

நான் செலவழித்த வகையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். மூன்றாண்டு ஆய்வுக்கு விசா ஏறக்குறைய மூன்று ஆண்டு ஐந்து மாதம் கிடைக்கும். தேசிய மருத்துவ சேவைக்கான கூடுதல் கட்டணம் மாணவருக்கும் சார்ந்தோருக்கும் ஆண்டுக்கு 776 பவுண்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட மிச்ச காலத்துக்குப் பாதி. ஆக, ஒருவருக்கு 2,716 பவுண்டு. மூவருக்கு 8,148 பவுண்டு. இன்றைய மதிப்பில் ஒன்பது லட்சம் ரூபாய்க்கு மேல். இதை விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும், தவணை கிடையாது. விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் ஆளுக்கு 524 பவுண்டு ஆனது, குழந்தைக்கும் அதே தொகை.

இது போக, வங்கியில் காட்ட வேண்டிய பணம். லண்டனுக்கு வெளியே படிப்பவருக்கு மாதம் 1,171 பவுண்டு, சார்ந்தோர் ஒவ்வொருவருக்கும் மாதம் 680 பவுண்டு. லண்டனில் முறையே 1,529, 845. ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும். கணவர், ஒரு குழந்தை என்றால் அவர்களுக்காக மட்டும் 12,240 பவுண்டு. அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் கிடக்க வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கல்விக் கடன் பெரும்பாலும் படிப்பவரின் செலவுக்குத்தான் தருவார்கள், குடும்பத்துக்கான தொகையைத் தனியாகத் திரட்ட வேண்டும். நம் பக்கம் எல்லோரும் நிலத்தைத்தான் சொத்து என்கிறோம். விவசாய நிலத்தை அடமானமாக ஏற்கப் பல வங்கிகள் தயங்கும். வீடு, வீட்டுமனை என்றால் ஒப்புக்கொள்கிறார்கள்.

நல்லதும் உண்டு. என் மனைவிக்கு முழுநேர வேலை செய்ய அனுமதி இருக்கிறது. இங்கிலாந்தில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு வாரம் 15 மணி நேர இலவச மழலையர் கல்வி விசா நிலையைப் பார்க்காமல் எல்லோருக்கும் உண்டு. அதற்குப் பிறகு அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் முனைவர் பட்டத்துக்கு வருபவர் நம் ஊரிலிருந்து எத்தனை பேர்?

அரூர் அக்கா
செவ்வாய், மாலை 6.30

தங்கச்சி, பிரிட்டனையே பிடித்துக்கொண்டு ஏன் அழ வேண்டும்? நான் மெல்போர்னில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்புப் படித்தேன். கணவரும் மகனும் முதல் நாளிலிருந்து உடன் இருந்தார்கள். ஆஸ்திரேலிய மாணவர் விசாவில் குடும்பத்தைச் சேர்த்தே விண்ணப்பிக்கலாம். நீங்கள் படிப்பது முதுநிலையோ முனைவர் பட்டமோ என்றால், வகுப்பு தொடங்கியபின் உங்கள் கணவர் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் வேலை செய்யலாம். இளநிலை, பட்டயப் படிப்பு என்றால் அவருக்கும் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான். உங்களுக்கு வகுப்பு நடக்கும் காலத்தில் 48 மணி நேர வரம்பு உண்டு.

மிக முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். முதலில் தனியாகப் போய்விட்டுப் பிறகு அழைத்துக்கொள்வதாக இருந்தாலும், உங்கள் விண்ணப்பத்தில் கணவர் பெயரையும் மகள் பெயரையும் கட்டாயம் எழுத வேண்டும். உடன் வரவில்லை என்று குறிப்பிடலாம். பெயரையே எழுதாமல் விட்டால் பிறகு மாணவர் விசாவில் அவர்களைச் சேர்ப்பது நடக்காமல் போகலாம். சில முகவர்கள், "குடும்பம் இருக்கிறது என்று காட்டினால் சிக்கல், திருமணம் ஆகாதவர் என்று போடுங்கள்" என்று யோசனை சொல்வார்கள். அப்படிச் சொல்பவரைக் கண்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பணம் அதிகம் காட்ட வேண்டும், அதை மறைக்கவில்லை. 2024 மே 10 முதல் ஓராண்டு வாழ்க்கைச் செலவாக மாணவருக்கு 29,710 டாலர், துணைவருக்கு 10,394, குழந்தைக்கு 4,449. பள்ளி வயதுக் குழந்தை இருந்தால் பள்ளிச் செலவு 13,502. எல்லாம் ஆஸ்திரேலிய டாலர். உங்கள் மூவருக்கும் கூட்டினால் 58,055. இதற்கு மேல் முதலாண்டுக் கல்விக் கட்டணமும் பயணச் செலவும். விசாக் கட்டணம் மாணவருக்கு மட்டுமே 2025 ஜூலையிலிருந்து 2,000 டாலர். மருத்துவக் காப்பீடு குடும்பம் முழுமைக்கும் படிப்புக் காலம் முழுவதற்கும் எடுக்க வேண்டும். பல மாநிலங்களில் மாணவர் விசாவில் வருபவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியிலும் கட்டணம் உண்டு. எந்த மாநிலம் என்று பார்த்துப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அரூர் பெரியவர்
செவ்வாய், இரவு 8.10

குடும்பத்தோடு போனால் படிப்பு எங்கே ஏறும்? சமையல், குழந்தை, கணவன் என்று நாள் போய்விடும். தனியாகப் போய் ஒரு மூச்சில் முடித்துவிட்டு வருவதே உத்தமம். பாட்டி பார்த்துக்கொள்ள மாட்டாரா?

அரூர் அக்கா
செவ்வாய், இரவு 8.25

பெரியவரே, என் ஊர்க்காரர் என்பதால் மரியாதையாகவே கேட்கிறேன். ஓர் ஆண் மேற்படிப்புக்குப் போகும்போது மனைவியை உடன் அழைத்துப் போனால், "சமைத்துப் போட ஆள் இருக்கிறது, நன்றாகப் படிப்பான்" என்கிறோம். பெண் போகும்போது மட்டும் கணவன் வந்தால் படிப்பு ஏறாதா? மெல்போர்னில் என் கணவர்தான் சமைத்தார், மகனைப் பள்ளியில் விட்டார், இரவு கிடங்கு ஒன்றில் வேலைக்கும் போனார். உறவினர் திருமணத்தில் இதைச் சொன்னபோது ஒரு மாமா அவர் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். எதற்கு ஆறுதல் என்று இன்று வரை எங்களுக்குப் புரியவில்லை.

பாலக்கோடு
செவ்வாய், இரவு 11.45

கனடாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே பனி, அதனால் தூக்கமில்லை.

கனடா பற்றி நம் ஊரில் உலவும் செய்திகளில் பாதி காலாவதியானவை. தனியார் கல்லூரியில் ஏதாவது ஒரு பட்டயப் படிப்புக்குச் சேர்ந்து, கணவருக்குத் திறந்த வேலை அனுமதி வாங்கி, இருவரும் சம்பாதித்த காலம் மலையேறிவிட்டது. 2024 மார்ச்சில் முதல் கட்டமாக இறுக்கினார்கள். 2025 ஜனவரி 21 முதல், 16 மாதமோ அதற்கு மேலோ நடக்கும் முதுநிலைப் படிப்பு, முனைவர் பட்டம், குறிப்பிட்ட சில தொழிற்கல்விப் பட்டங்கள் ஆகியவற்றைப் படிப்பவர்களின் துணைவருக்கு மட்டும்தான் வேலை அனுமதி. ஓராண்டு முதுநிலை என்றால் கிடையாது. ஆகவே படிப்பின் பெயரைப் பார்ப்பதற்கு முன் எத்தனை மாதம் என்று பாருங்கள். "ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், சேர்க்கைக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

நிதி: 2025 செப்டம்பர் 1 முதல் விண்ணப்பிப்பவர் தனியாளாக இருந்தால் 22,895 கனடிய டாலர், இருவர் என்றால் 28,502, மூவர் என்றால் 35,040. கல்விக் கட்டணமும் பயணமும் தனி. பழைய விரைவு முறை 2024 நவம்பரில் நின்றுபோனது. பெற்றோர் படிப்பு அனுமதியோடு இருந்தால் உடன் வரும் சிறு பிள்ளை தனியாகப் படிப்பு அனுமதி வாங்காமலே பள்ளியில் சேரலாம்.

ஒரு எச்சரிக்கை. குடும்பமே ஒன்றாக விண்ணப்பித்தால், படிப்பு முடிந்து ஊர் திரும்ப என்ன காரணம் இருக்கிறது என்று அதிகாரி பார்ப்பார். ராயக்கோட்டை சகோதரிக்கு அதில் ஒரு வலு உண்டு. கணவருக்குப் பசுமைக்குடில் இருக்கிறது, நிலம் இருக்கிறது, பூ வியாபாரக் கணக்கு இருக்கிறது. அவற்றை ஆவணமாக வையுங்கள். விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில் "நான் சிறுவயது முதல் கனடாவை நேசிக்கிறேன்" என்று எழுதாதீர்கள், அந்த வரியைப் படித்துப் படித்து அவர்களுக்குச் சலித்திருக்கும்.

பர்கூர்
புதன், காலை 6.50

அமெரிக்கா பற்றி யாரும் பேசவில்லை, ஒரு பத்தி. அங்கே எந்த மட்டப் படிப்பானாலும் கணவன் மனைவியையும் 21 வயதுக்கு உட்பட்ட திருமணமாகாத பிள்ளைகளையும் எஃப்-2 விசாவில் அழைத்துப் போகலாம், ஓராண்டு முதுநிலைக்கும் தடையில்லை. குழந்தை பள்ளிக்குப் போகலாம். ஆனால் துணைவர் ஒரு டாலர் சம்பாதிக்கவும் அனுமதி இல்லை. என் மனைவி மின்னணுப் பொறியாளர். அந்த விசாவில் வந்து இரண்டாண்டு வீட்டில் இருந்தார். பகுதிநேரமாகப் படிக்க மட்டும் அனுமதி. கதவைத் திறந்து விடுகிறார்கள், கையைக் கட்டிவிடுகிறார்கள். ரோஜா பயிரிடுபவரை ஓர் அறைக் குடியிருப்பில் அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பென்னாகரம்
புதன், காலை 9.15

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. முடக்கக் கணக்கில், அதாவது முன்கூட்டியே பணத்தைப் போட்டு மாதாமாதம் கொஞ்சமாக எடுக்கும் கணக்கில், ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், அது மாணவருக்கு மட்டும். குடும்பம் வருவதென்றால் அவர்களுக்கும் வருமானமோ சேமிப்போ காட்ட வேண்டும், எல்லோருக்கும் போதுமான அளவுள்ள வீடு வேண்டும். மாணவரின் துணைவர் பொதுவாக ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்கநிலைத் தேர்ச்சி பெற்ற பிறகே விண்ணப்பிக்க முடியும். வந்துவிட்டால் அவர் வேலை செய்யலாம். உங்கள் கணவருக்குப் பூ அறுவடை இல்லாத மாதங்களில் மொழி படிக்கப் பொறுமை இருக்குமா? இருந்தால் நல்ல வழிதான். மாணவர் விடுதியில் இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு, குடும்பத்துக்கு வீடு தேடுவது அதைவிடக் கடினம்.

நெறியாளர்
புதன், காலை 11.00

இந்த இழையில் ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். விசாவுக்காகக் காகிதத்தில் மட்டும் திருமணம் செய்துவைப்பது, அதற்கு ஆள் பார்த்துத் தருவது பற்றிய பேச்சுக்கு இங்கே இடமில்லை. போலித் திருமணம் கண்டுபிடிக்கப்பட்டால் விசா மறுப்போடு பல ஆண்டுத் தடையும் வரும்.

மொரப்பூர் பத்திர எழுத்தர்
புதன், மாலை 5.20

வணக்கம் அம்மா. எனக்கு வெளிநாடு பற்றி எதுவும் தெரியாது. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே முப்பது ஆண்டாக உட்கார்ந்திருக்கிறேன். கனடா, ஆஸ்திரேலியா என்று போகிற எல்லோரும் கடைசியில் என் மேசைக்குத்தான் வருகிறார்கள், அதுவும் விமான டிக்கெட் எடுத்த பிறகு.

முதலில் கேட்கிறேன்: உங்கள் திருமணம் பதிவாகியிருக்கிறதா? மண்டப ரசீதையும் கோயில் ரசீதையும் வைத்துக்கொண்டு பதிவு ஆகிவிட்டது என்று நினைப்பவர்கள் நம் பக்கம் ஏராளம். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படித் திருமணம் நடந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் அவகாசம். அது தாண்டிவிட்டால் இந்து தம்பதியர் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிந்துகொள்ளலாம். பயப்பட வேண்டாம், ஆனால் இன்றே தொடங்குங்கள்.

அடுத்தது பெயர். சென்ற மாதம் ஒரு பெண் வந்தார். ஆதாரில் ஆர். என்ற முதலெழுத்தோடு பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. திருமணப் பத்திரிகையில் வீட்டில் கூப்பிடும் பெயர், முன்னால் திருவளர்செல்வி வேறு. குழந்தையின் பிறப்புச் சான்றில் தாய் பெயருக்கு முன்னால் கணவரின் முதலெழுத்து. நான்கு தாளில் நான்கு பெண்கள். எனக்கு அது ஒரே ஆள் என்று தெரிகிறது, ஏனென்றால் அவர் என் முன்னால் நிற்கிறார். கான்பெர்ராவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றில் தாய், தந்தை பெயர் பிழையாக இருந்தால், பிறப்பு பதிவான இடத்தில்தான் திருத்த முடியும். குழந்தை தாய்வீட்டில் பிறந்திருந்தால் அந்த ஊரில். சான்றில் குழந்தையின் பெயரே ஏறாமல் காலியாக இருப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். தமிழில் மட்டும் உள்ள பழைய சான்றுக்கு முறையான ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். திருத்த முடியாதவற்றுக்கு, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் செய்யலாம். ஆனால் அதை மருந்து என்று நினைக்காதீர்கள், கட்டுதான்.

ராயக்கோட்டை ரோஜா
புதன், இரவு 9.55

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் பீரோவைத் திறந்து பார்த்தோம். திருமணம் தருமபுரியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பதியவே இல்லை. மகளின் சான்றில் பெயர் இருக்கிறது, ஆனால் என் பெயருக்கு முன்னால் கணவரின் முதலெழுத்துத்தான் இருக்கிறது. கணவர் அந்தத் தாள்களை விரித்துப் போட்டு அரை மணி நேரம் பார்த்தார். பிறகு தானாகவே ஆஸ்திரேலியாவில் ரோஜா பயிரிடுகிறார்களா என்று கேட்டார்.

அரூர் அக்கா
புதன், இரவு 10.05

பயிரிடுகிறார்கள். மெல்போர்னைச் சுற்றி நாற்றுப்பண்ணைகள் நிறைய உண்டு. ஆனால் கூலி வேலையாகத்தான் தொடங்குவார், முதலாளியாக அல்ல. அதை இப்போதே சொல்லிவிடுங்கள். இன்னொன்றையும் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்: பசுமைக்குடிலை யார் பார்ப்பது? எங்கள் வீட்டில் மாமனார் கோழிப்பண்ணையை நடத்தினார். மானியத்தில் போட்ட குடில் என்றால் வங்கித் தவணை நிற்காது.

ஊத்தங்கரை
வியாழன், காலை 8.30

சகோதரி, எந்த நாடானாலும் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். மகளுக்கு இப்போது ஐந்து. இரண்டாண்டுப் படிப்பு, அதன் பிறகு வேலைக்கான விசா என்று போனால் அவள் ஒன்பது, பத்து வயதில் ஊர் திரும்பக் கூடும். அப்போது தமிழ்வழியிலோ சமச்சீர் பாடத்திலோ சேர்ப்பது எளிதல்ல. எங்கள் விஷயத்தில் இது எதிர்ப்பக்கம்: இங்கே படிக்கும் மகளை அங்கே மாற்றுவது எளிதல்ல, என் மனைவி ஊர் திரும்பலாமா என்று யோசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காவேரிப்பட்டினத்தான்
வியாழன், மாலை 4.10

பிரிட்டனையே விரும்புகிறீர்கள் என்றால் இன்னும் ஒரு கணக்கு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுநிலைப் பட்டதாரிகளுக்குப் பட்டதாரி விசா இரண்டாண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. நீங்கள் வரும் செப்டம்பரில் சேர்ந்தால் அந்த விதிக்குள்தான் வருவீர்கள். அந்த 18 மாதத்துக்குள் குடும்பத்தை அழைக்கத் தகுதியுள்ள வேலை கிடைக்க வேண்டும். 2025 ஜூலை 22 முதல் திறன் பணியாளர் விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு நுழைவோருக்குச் சலுகை வரம்பு உண்டு, அதுவும் 33,400. கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். கிடைத்தால் குடும்பம் சேரும், கிடைக்காவிட்டால் கடனோடு திரும்ப வேண்டும்.

ராயக்கோட்டை ரோஜா
வெள்ளி, பிற்பகல் 2.40

ஆலோசனை நிலையத்திலிருந்து மதியம் அழைத்தார்கள். பணம் கட்டவில்லை என்று சொல்லிவிட்டேன். "இடம் போய்விடும் மேடம்" என்றார்கள். "2024 ஜனவரிக்குப் பிறகு ஓராண்டு முதுநிலைக்குச் சார்ந்தோர் விசா கொடுத்த ஒரே ஒரு கடிதத்தைக் காட்டுங்கள், உடனே கட்டுகிறேன்" என்றேன். மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாக வைத்துவிட்டார்கள். இன்னும் அழைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தொடங்கும் இரண்டாண்டுப் படிப்புக்கும், கனடாவில் 20 மாத முதுநிலைக்கும் நேரடியாகப் பல்கலைக்கழகங்களுக்கே எழுதப் போகிறேன். எது கிடைக்கிறதோ அது. மூவரும் போவதாக இருந்தால் மட்டும் போவது என்று நேற்று இரவு வீட்டில் பேசி முடித்துவிட்டோம். அம்மா இப்போது, மூவரும் போய்விட்டால் நான் யாரைப் பார்ப்பேன் என்கிறார். அதற்கு எந்த நாட்டிலும் விசா இல்லை.

பத்திர எழுத்தர் ஐயா, திங்கட்கிழமை திருமணப் பதிவுக்கு வரலாமா? என்னென்ன கொண்டு வர வேண்டும்?

மொரப்பூர் பத்திர எழுத்தர்
வெள்ளி, மாலை 6.00

வாருங்கள் அம்மா. திருமணம் நடந்த இடமோ நீங்கள் இருவரில் ஒருவர் வசிக்கும் இடமோ எந்தச் சார்பதிவாளர் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் பதிய வேண்டும். தருமபுரி மண்டபம் என்றால் தருமபுரியிலேயே பார்த்துவிடலாம். பதிவுத்துறை இணையதளத்தில் முதலில் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து நாள் வாங்க வேண்டும், அதை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். இருவருடைய வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள், திருமணப் பத்திரிகை, மண்டப ரசீது, தாலி கட்டும்போது எடுத்த படம் ஒன்று. எல்லாவற்றுக்கும் அசல் வேண்டும், நகல் தனியாக. சாட்சிகளும் தங்கள் அடையாள அட்டையின் அசலோடு நேரில் வர வேண்டும். மாமியாரையும் அம்மாவையுமே சாட்சியாக அழைத்து வாருங்கள், இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடட்டும்.

பெயரைத் தட்டச்சு செய்யும்போது பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் திருத்த மறுபடி என்னிடம்தான் வருவீர்கள். மதிய உணவுக்கு முன் வந்தால் நல்லது, முகூர்த்த நாளுக்கு அடுத்த திங்கள் என்பதால் கூட்டம் இருக்கும்.